படகுக் கட்சி, கதவுக் கட்சி

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் சட்டக்காரர். படங்களுக்குக் கண்ணாடி வைத்துச் சட்டம் போட்டுக் கொடுப்பது தொழில். கடை தொடங்கிய புதிதில், 'எல்லாவிதமான சட்டங்களுக்கும் அணுகவும்' என்று பலகை எழுதி வாசலில் மாட்டிவிட்டார். முதலில் அணுகியவர் ஒரு பெரியவர். பங்காளி தன் இடத்தில் சுவர் எழுப்பிவிட்டான், எந்தச் சட்டம் சரிப்படும் என்று கேட்டிருக்கிறார். மாமா நிதானமாக, "தேக்கா, பிளைவுட்டா?" என்று கேட்டாராம். பலகை அன்றைக்கே இறங்கிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் சட்டம் பேசுகிற ஆளே இல்லை அவர். எதற்கும் 'ம்' தான் பதில். இழுத்துச் சொன்னால் சம்மதம், வெட்டிச் சொன்னால் சம்மதமில்லை, மூக்கால் சொன்னால் போய் உன் வேலையைப் பார். பள்ளிக்கூடத்தில் ஒரு விழாவில் மேடையேறி, மனப்பாடம் செய்த நாலு வரியும் மறந்து நின்றிருக்கிறார். மண்டபமே சிரித்திருக்கிறது. அன்றைக்கு மூடிய வாய். ஒற்றை மகளின் கல்யாண வரவேற்பில், "அப்பா ரெண்டு வார்த்த பேசுவாரு" என்று யாரோ மைக்கை நீட்ட, வண்டிகளை ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார்களா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர் பந்தி முடிந்துதான் வந்தார். மகள் சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அவள் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன், மாமாவும் பார்த்தார்.

நான் அவருக்கு நேர்எதிர். கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. பக்கத்து இருக்கையில் என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. காலுக்கு இருக்கிற பிரேக் உன் வாய்க்கு இல்லையே என்பாள் அக்கா. நாள் முழுக்க 'கிளட்ச், கிளட்ச்' என்று கத்திவிட்டு, சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்தால்தான் எனக்கு மனுஷத்தன்மை திரும்பும்.

அது சின்ன வீடு. முன்னறை மாமாவின் கடை. பின்னறையில் அக்கா திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கிறாள். சமையலும் படுக்கையும் மாடியில். இரண்டு அறைக்கும் நடுவில் கனமான ஒரு கதவு, எப்போதும் சாத்தியே இருக்கும். மாமா மரம் அறுக்கும் தூள் பறந்துபோய் யாரோ ஒருத்தியின் வெள்ளைத் திரைச்சீலையில் உட்கார்ந்தால் அப்புறம் யார் பதில் சொல்வது? பகல் முழுக்க இந்தப் பக்கம் ரம்பம், அந்தப் பக்கம் தையல் மிஷின். புருஷன் பெண்டாட்டி ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பது சாப்பாட்டு நேரத்தில்தான்.

கல்யாணமான புதிதில் மாமா ஆசைப்பட்டு ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினார். கூடவே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வந்தன. இரண்டையும் கடையிலேயே வைத்துக்கொண்டு ராஜா மாதிரி கேட்டிருக்கலாம். இவர் கதவு நிலையில் துளை போட்டு, வயரை இழுத்து, ஒரு பெட்டியைக் கொண்டுபோய் அக்காவின் தையல் மிஷினுக்கு மேலே அலமாரியில் வைத்துவிட்டார். "எனக்கெதுக்கு ரெண்டு? ஒண்ணு நீ வெச்சுக்க" என்றாராம். அந்த வாயிலிருந்து வந்த ஒரே காதல் வசனம் அதுதான். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

வீட்டில் ஓடியதெல்லாம் ஒரே குழுவின் பாட்டுகள். நாலு பேர் சேர்ந்து பாடிய குழு, ஒரு காலத்தில் அவர்களைத் தெரியாத ஆள் கிடையாது. குழுவின் நீளமான பெயர் அக்காவின் வாயில் நுழையாததால் வீட்டில் அவர்களுக்கு 'நாலு பேர்' என்றே பெயராகிவிட்டது. "நாலு பேர் என்ன சொல்றாங்க?" என்று மாமா கதவைத் தட்டிக் கேட்டால், ஊர்ப்பேச்சு கேட்கிறார் என்று அர்த்தமில்லை. அடுத்து எந்த ரெக்கார்டு போடட்டும் என்று அர்த்தம்.

அந்த நாலு பேரின் பழைய ரெக்கார்டுகள் எல்லாமே இருவருக்கும் பிடிக்கும். எந்தப் பாட்டு உசத்தி என்பதில்கூட இருவருக்கும் ஒரே எண்ணம். வம்பு வந்தது கடைசி இரண்டில்தான். குழு உடைவதற்கு முன்னால் போட்டவை அவை. அவற்றை யாரும் வாங்கவில்லை, பத்திரிகைகளும் கிழித்துத் தொங்கவிட்டிருந்தன. கடையில் தள்ளுபடிப் பெட்டிக்குள் கிடந்ததைப் பார்த்து மாமா இரண்டையும் ஒரே பையில் போட்டு எடுத்து வந்தார். ஒன்றின் அட்டையில் தண்ணீரே இல்லாத மணலில் ஒரு படகு நிற்கும். மற்றதன் அட்டையில் பாதி திறந்த ஒரு கதவு. இப்படித்தான் அந்த வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. அக்கா படகு, மாமா கதவு.

மாமாவுக்கு நீளமாகப் பேச வரும் என்பதே எனக்கு அந்தச் சண்டையால்தான் தெரியும்.

"உங்க கதவுல என்ன இருக்கு?" என்பாள் அக்கா, மாடியில் தட்டை வைத்துக்கொண்டே. "டம்மு டம்முன்னு தட்டுறான், நடுவுல ஊ ஊன்னு ஒரு சத்தம். பாட்டே இல்ல."

"உன் படகுலதான் பாட்டே இல்ல. பாடுறவன் லீவு போட்டுட்டான். டிரம்ஸ்காரன் மட்டும் வேலைக்கு வந்திருக்கான்."

"உங்களுக்குக் காது அடைச்சிருக்கு."

"உனக்குக் காதே இல்ல."

எனக்குச் சங்கீத ஞானம் பூஜ்யம். இரண்டு பேரும் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நம் பேச்சு வழக்கே அப்படித்தானே? பிடிக்காத பாட்டை 'பாட்டே இல்ல' என்கிறோம், பிடிக்காத படத்தை 'படமே இல்ல' என்கிறோம், பிடிக்காத ஆளை 'மனுஷனே இல்ல' என்கிறோம். யாரும் அதை அளந்து பார்ப்பதில்லை. அக்கா சொன்னதை மாமாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார், மாமா சொன்னதை அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் நியாயஸ்தர்கள். காலையில் கதவு ஓடும். டீ குடித்தபின் அக்கா கத்தரிக்கோலால் நடுக்கதவில் தட்டுவாள், உடனே படகு மாறும். படகு ஓடும்போது மாமா கண்ணாடி வெட்ட மாட்டார். அதன் இரண்டாவது பாட்டில் எதிர்பாராத இடத்தில் டிரம்ஸ் இடிக்கும். ஒருமுறை கை துள்ளி, பெரிய கண்ணாடி ஒன்று குறுக்கே விரிந்துபோனது. அந்தக் கோபம் அவருக்கு ஆறவே இல்லை. படகு ஓடுகிறவரைக்கும் பசை தடவுவது, ஆணி பொறுக்குவது என்று சில்லறை வேலைகளாகச் செய்துகொண்டிருப்பார். நிறுத்தச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா முனகுவாள். உதடுகளுக்கு நடுவில் எப்போதும் குண்டூசிகள் இருப்பதால் வார்த்தை வராது, மெட்டு மட்டும் மூக்கு வழியாக வரும். மாலையில் மிஷினை நிறுத்திவிட்டு, துணியில் ஊசி குத்திக்கொண்டே அவள் முனகும்போது மாமா ரம்பத்தைக் கீழே வைத்துவிடுவார். நடுக்கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். ஒருமுறை என்னிடம், "உங்கக்கா பெரிய ஆளு. தானே மெட்டு கட்டுறா. சொன்னா ஒத்துக்க மாட்டா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சட்டத்தின் நாலு மூலையும் சரியாகப் பொருந்திவிட்டால் விசில் அடிப்பார். "வேல முடிஞ்சா அவரா ஒண்ணு அடிப்பாரு, கேட்டியா? எங்கேருந்துதான் பிடிக்கிறாரோ" என்று அக்கா என்னிடம் கிசுகிசுப்பாள்.

இப்படி அவரவர் கட்சியில் நிம்மதியாக இருந்தவர்களிடம் ஒருநாள் நூலகர் அம்மா வந்தார். நூலகத்தின் பழைய வரைபடம் ஒன்றுக்குச் சட்டம் போட வேண்டும். அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது அக்கா கத்தரிக்கோலால் தட்டினாள். மாமா ரெக்கார்டை மாற்றிக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல், "ஆரம்பிச்சாச்சு, பாட்டே இல்லாத பாட்டு" என்று முணுமுணுத்தார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எனக்குக் கேட்டுச்சு" என்றாள் அக்கா.

நூலகர் அம்மா ரெக்கார்டின் அட்டையைப் பார்த்துவிட்டுக் கண்ணை விரித்தார். நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 'கேட்போர் கூடம்' என்று ஒன்று நடத்துகிறார்கள். யாராவது ஒருவர் ரெக்கார்டு கொண்டுவந்து, போட்டுக் காட்டி, அதைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் குழுவின் நல்ல ரெக்கார்டுகளுக்கெல்லாம் ஆள் கிடைத்துவிட்டது, கடைசி இரண்டைத் தொட யாருமே வரவில்லை.

"நீங்க வந்து பேசுங்களேன். ரெண்டையும் ஒப்பிட்டுப் பேசினா நல்லா இருக்கும்" என்றார்.

மாமா "ம்" என்றார். இழுத்துச் சொன்னார்.

அக்கா குண்டூசியோடு ஓடி வந்தாள். ஊசியை முழுங்காமல் இருந்தது பெரிய விஷயம்.

அவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். "பொண்ணு கல்யாணத்துல ரெண்டு வார்த்த பேசல. அது மனசுல கெடக்கு. எனக்கு வேற எதப்பத்தியும் பேசத் தெரியாது. இத மட்டும் பேசுவேன்." அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எவனாவது ஒருத்தன் சிரிச்சா போதும், இந்த மனுஷன் செத்தாலும் திரும்ப வாயத் திறக்க மாட்டாரு. நீ முன்னால உக்காரு. சிரிக்கிறவன மொறச்சுப் பாரு" என்றாள். அந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் ஏது.

படம் வைக்கும் அட்டையில் நடுவே வெட்டி எடுத்த துண்டுகள் கடையில் நிறைய கிடக்கும். அவற்றில் பென்சிலால் எழுதி எழுதிப் பேச்சைத் தயார் செய்தார். சொல்லிப் பார்க்க அவருக்குச் சபையும் இருந்தது. சட்டம் போட்டபின் வாங்க வராமலே போனவர்களின் படங்கள் ஒரு சுவர் முழுக்கத் தொங்கும். பட்டம் வாங்கியவர்கள், மாலை போட்ட ஜோடிகள், கோபமாகப் பார்க்கும் யாரோ ஒரு தாத்தா. அவர்கள் முன்னால் நின்று, அட்டையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா, "அது தப்பு" "அதுவும் தப்பு" என்று கட்சி மாறாமல் குரல் கொடுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பேசப் போகிற அன்று அவருடைய வெளுத்த சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

சனிக்கிழமை நான் அவர்களை என் காரில் ஏற்றிப்போனேன். மாமா முன்னால் உட்கார்ந்து இரண்டு ரெக்கார்டுகளையும் மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் தானாக பிரேக் தேடியது. என் காரில் அந்தப் பக்கமும் பிரேக் இருப்பதால் நடுரோட்டில் நாங்கள் இருமுறை நின்றோம். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்ததற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நூலகத்தின் பெரிய அறையில் வரிசையாக நாற்காலிகள். மேசை மேல் பிளேயர். அதன் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், எங்களைப் பார்த்தபடி. நாங்கள் எதிர்பார்த்ததைவிட நிறையக் கூட்டம். முன்வரிசையில் மருந்துக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் குழுவின் ரெக்கார்டு ஒன்றுவிடாமல் அவரிடம் உண்டு. எனக்கு அந்தக் கைகட்டு பிடிக்கவில்லை. அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா எழுந்தார். முதல் அட்டையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

பேசிவிட்டார். நம்ப மாட்டீர்கள், நன்றாகவே பேசினார். எப்படி வாங்கினேன், எப்படி இரண்டு கட்சியானோம் என்று சொன்னார். கட்சிக் கதைக்குச் சபை சிரித்தது. அது நல்ல சிரிப்பு, அவருக்கே அதில் தெம்பு வந்தது. அட்டையை மாற்றினார்.

"கதவுல பாடுறவரு மனசத் தொறந்து பாடுவாரு. ஒரு வார்த்த விடாம காதுல விழும். படகுல அப்படி இல்ல. படகுல பாட்டே இல்ல."

மருந்துக்கடைக்காரர் புருவத்தை உயர்த்தினார். "புடிக்கலன்னு சொல்றீங்களா?"

"இல்லீங்க. பாட்டே இல்ல. டிரம்ஸ் இருக்கு, கிதார் இருக்கு. யாரும் பாடல. இந்த ரெண்டாவது பாட்டால எனக்கு ஒரு பெரிய கண்ணாடியே போச்சு. போட்டுக் காட்டுறேன், கேளுங்க."

நூலகர் அம்மா ஊசியை வைத்தார். டிரம்ஸ் இடித்தது. மாமா, பார்த்தீர்களா என்பதுபோல் தலையை ஆட்டினார். அடுத்த நொடி இடது பக்க ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. பியானோவும் சேர்ந்துகொண்டது. கணீரென்று, அறை நிறைய, வார்த்தை வார்த்தையாக ஒருவன் பாடினான்.

பின்வரிசையில் ஒருத்தர் குபீரென்று சிரித்தார். அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் அறை முழுக்க. யாரைத்தான் நான் முறைப்பது? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒவ்வொருவரையும் முதல் கியரில் மேட்டில் நிறுத்திவிட்டு வர வேண்டும் போலிருந்தது. அக்கா என் கையை விட்டுவிட்டாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

மாமா சிரிப்பைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கையிலிருந்த அட்டைகள் சரிந்து கீழே விழுந்தன. அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் நடுக்கதவைத் திறந்துவைத்து நிற்பாரே, அப்படி நின்றார்.

"இது என் வீட்டுக்காரியோட பாட்டு" என்றார்.

சிரிப்பு இன்னும் கூடியது.

"இல்லீங்க, இது அவ மெட்டு. சாயங்காலம் துணியில ஊசி குத்தும்போது முனகுவா. அவளே கட்டினதுன்னு நெனச்சேன். இவங்களுக்கு எப்படித் தெரியும்?" சபையைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் சிரிக்காம இருங்க. என்கிட்ட இந்த ரெக்கார்டு ரொம்ப நாளா இருக்கு. ஆனா இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்ல. முழுசாக் கேட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டு மேசைப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். அக்கா பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அறை அடங்கிவிட்டது. அந்தப் பாட்டு முடிகிறவரை யாரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.

முடிந்ததும் மருந்துக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. "வீட்டுல ஸ்பீக்கர எப்படி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு அவகிட்ட. நடுவுல கதவு."

"அடப்பாவமே" என்றார் அவர். பிறகு பொறுமையாக விளக்கினார். பழைய ரெக்கார்டுகளில் இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம்தான் வரும். கடைசி இரண்டில் அப்படி இல்லை. அப்போது அந்த நாலு பேருக்குள் முகம் கொடுத்துப் பேச்சே கிடையாது. பதிவிலும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துகொண்டார்கள். படகில் பாடுகிறவரும் பியானோவும் இடப்பக்கம், மற்றதெல்லாம் வலப்பக்கம். கதவில் அப்படியே தலைகீழ். "உங்க பொட்டி வலது. அம்மாவோடது இடது. அவ்வளவுதான் விஷயம். நீங்க ரெண்டு பேரும் சொன்னது அத்தனையும் நெஜம்."

பாட்டே இல்லை என்றால் பாட்டே இல்லைதான். பேச்சுக்குச் சொன்னதில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை காலம் இரண்டு பேரும் ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் நம்பவில்லை, அவ்வளவுதான்.

நூலகர் அம்மா கதவு ரெக்கார்டை வைத்தார். வலது ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இது உங்க விசிலு" என்றாள். பிறகு அழுதாள். அவள் அழுததைப் பார்த்து முன்வரிசையில் இன்னும் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை, நல்லவேளை.

கடைசியில் நூலகர் அம்மா கேட்டார். "சரி, ரெண்டுல எது நல்லா இருக்கு? சொல்லாமப் போகக் கூடாது."

மாமா எழுந்தார். அட்டை இல்லை, எதுவும் இல்லை. வெறுங்கையோடு சபையைப் பார்த்து நின்றார். "தெரியலீங்க. ரெண்டுலயும் பாதிதான் கேட்டிருக்கேன். அடுத்த மாசமும் கூப்பிடுங்க, முழுசாக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

கை தட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு தட்டு. மாமா காது வரை சிவந்தார். ஆனால் வண்டிகளைப் பார்க்க வெளியே ஓடவில்லை.

திரும்பும்போது இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். அக்காதான் ஆரம்பித்தாள்.

"பொட்டி குடுத்தேன் பொட்டி குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தீங்க. பாட்டுல பாதியையே தூக்கிக் குடுத்திருக்கீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சேன்."

"தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டீங்கல்ல?"

மாமா யோசித்தார். "குடுத்திருப்பேன். எந்தப் பாதி வேணும்னு கேட்டுட்டுக் குடுத்திருப்பேன்."

கண்ணாடியில் பார்த்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், கை மட்டும் அவர் கைமேல் இருந்தது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அடுத்த நாள் டீக்குப் போனபோது, இரண்டு பெட்டியையும் ஒரே அறையில் வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை. பெட்டிகள் அதனதன் இடத்தில்தான் இருந்தன. மாமா பிளேயரின் பின்பக்கம் குனிந்து வயரை மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, இன்னும் புத்தி வரலயா?" என்றேன்.

"இத்தன நாளு அவ என்ன கேட்டான்னு தெரியாம இருந்துட்டேன். கொஞ்ச நாளு அங்க வந்தது இங்க வரட்டும். இங்க வந்தது அவளுக்குப் போகட்டும். கட வேலையும் நடக்கணும்ல." ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ரம்பத்தையும் மிஷினையும் மூடிவிட்டு, நடுக்கதவை அகலத் திறந்து, அதன் நிலைப்படியில் ஆளுக்கொரு முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கேட்டார்கள்.

சண்டை நின்றுவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஒரு வாரத்திலேயே மாமா படகுக் கட்சிக்குத் தாவிவிட்டார், அக்கா கதவுக்குப் போய்விட்டாள். "நான் அப்பவே சொல்லல?" என்று இருவரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். யார் எதை எப்போது சொன்னார்கள் என்று கேட்டால் எனக்குத் தலை சுற்றும்.

அடுத்த மாதம் நூலகத்தில் உட்கார இடமில்லை. கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மகளும் வந்திருந்தாள், அப்பா போனில் இதைப் பற்றியே வெகுநேரம் பேசியதை நம்ப முடியாமல் நேரில் பார்க்க வந்தவள். முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாமா அவளைப் பார்த்தார். "ரெண்டு வார்த்த பேசணும்" என்று தொடங்கினார். மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இரண்டு வார்த்தையில் முடியவில்லை. கதவு எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே இழுவை, படகில் அந்த டிரம்ஸ்காரர் ஏன் அந்த இடத்தில் இடிக்கிறார் என்று பாட்டுப் பாட்டாகச் சொன்னார். இடிக்கிற இடத்தில்தான் பாடுகிறவர் மூச்சு வாங்குகிறார், அது தெரியாமல் அவரைத் திட்டிவிட்டேன் என்று டிரம்ஸ்காரரிடம் மன்னிப்பு வேறு கேட்டார். மருந்துக்கடைக்காரர் முதல் ஆளாகத் தலையாட்டினார்.

"தீர்ப்ப சொல்லுங்க, சட்டக்காரரே" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"படகுதான்" என்றார் மாமா. "ஆனா ஒண்ணு. படகோட நல்ல ரெக்கார்டிங் இந்தத் தட்டுல இல்ல. இதுல அவன் நல்லாத்தான் பாடுறான், ஒண்ணும் கொற சொல்ல முடியாது. ஆனா நான் அத மொதல்ல கேட்டது எங்க வீட்டுப் பின்னறையில. வாயில குண்டூசி வெச்சுக்கிட்டு ஒருத்தி முனகினா. அதுக்கு அப்புறம் வேற யாரு பாடினாலும் எனக்கு ஒரு படி கொறச்சல்தான்."

மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கைதட்டல் ஓய வெகுநேரமானது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து, சிரிப்பும் அழுகையுமாக அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"போதும் உக்காருங்க. நாலு பேர் முன்னாடி இப்படியா மானத்த வாங்குறது."